கையுறை வாங்கப் போனவள்

லண்டன் ரீஜென்ட் தெருவில், ஒரு கேஸ் விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறேன். 1887ஆம் வருஷம், ஜூன் மாதக் கடைசி. பயணச்சீட்டு எடுக்காமல் நூற்று முப்பது சொச்சம் வருஷம் பின்னால் போய் நிற்கிற சலுகை எழுதுகிறவனுக்கு உண்டு. ஒரு மணி நேரமாக இதே இடத்தில்தான் நிற்கிறேன். ஏன் நிற்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மணி எட்டரை ஆகப்போகிறது. இந்த ஊர்க் கோடையில் இந்நேரத்துக்கும் வானத்தின் ஓரத்தில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். விக்டோரியா ராணி பட்டமேறி ஐம்பது வருஷம் ஆனதற்கான கொண்டாட்டம் போன வாரம்தான் முடிந்தது. காற்றில் குதிரைச் சாணம், நிலக்கரிப் புகை, யாரோ பூசிக்கொண்டு போன வாசனைத் தைலம். தெரு ஒரு முனையில் வில்லாக வளைகிறது. ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞர் போட்ட வளைவு. முன்பு அந்த வளைவு நெடுகத் தூண் வரிசையும் மேலே கூரையும் இருந்தன. மழைக்கு ஒதுங்கலாம். மழைக்கு மட்டுமா ஒதுங்குவார்கள்? கடைக்குள் வெளிச்சம் வரவில்லை, தூண் மறைவில் அந்த மாதிரிப் பெண்கள் நிற்கிறார்கள் என்று முறையிட்டு முறையிட்டு, 1848இல் தூண்களைப் பிடுங்கிவிட்டார்கள். தூண்கள் போயின. பெண்கள் எங்கே போவார்கள்? இப்போது எல்லாரும் வெட்டவெளியில், எல்லார் கண்ணிலும் படும்படி நடக்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறவனுக்கு இதைவிடத் தோதான தெரு கிடையாது.

சந்துப் பக்கம் ஒரு மரக்கதவு திறக்கிறது. தெருவைப் பார்த்த வாசலில் பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி வைத்திருக்கிற துணிமாளிகைக்குப் பின்பக்கம் இப்படி ஒரு கதவுதான். ஐந்தாறு பெண்கள் வெளியே வருகிறார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும். வந்ததும் முதல் காரியமாகக் கையுறை மாட்டுகிறார்கள். ஒருத்தியின் கையைக் கிட்டத்தில் பார்க்கிறேன். இடது ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப் போய், மிளகுத்தூள் தூவினாற்போல் இருக்கிறது. துக்க வீட்டு உடுப்புக்கான கறுப்புத் துணியாக இருக்க வேண்டும். அதன் சாயம் பொத்தல்களில் இறங்கியிருக்கிறது. கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொள்கிறாள். மணிக்கட்டில் ஒரு குட்டிப் பொத்தான். அதைப் பூட்டியதும் அவள் தையற்காரி இல்லை. வக்கீல் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், பாதிரியாரின் தங்கையாக இருக்கலாம். வண்டியிலிருந்து இறங்கிக் கடைக்குள் நுழைகிற சீமாட்டியின் கையும் இவள் கையும் பார்வைக்கு இப்போது ஒன்று.

கையுறை இல்லாமல் தெருவில் இறங்கினால் இந்த ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். போட்டுக்கொண்டு இறங்கினால், இவளுக்கு இது வாங்க ஏது காசு என்று இன்னொரு மாதிரியாகப் பார்க்கும்.

இங்கே இது 'சீசன்'. குற்றாலத்தில் சாரலுக்குச் சொல்கிற அதே சொல். இங்கே கொட்டுவது நடன விருந்து. கிராமத்து மாளிகைகளிலிருந்து பிரபு வீட்டுக் குடும்பங்கள் லண்டனுக்கு வந்து இறங்கும். அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் புது உடுப்பு வேண்டும். தையல் அறைக்கு இரவும் கிடையாது பகலும் கிடையாது. இதே ரீஜென்ட் தெருவில், 1863 ஜூனில், மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுப் பெண், இளவரசிக்கான நடன விருந்து உடுப்புகளை இருபத்தாறரை மணி நேரம் விடாமல் தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தாள், ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனாள். கார்ல் மார்க்ஸ் அந்தச் செய்தியைத் தன் 'மூலதன'த்தில் எடுத்துச் சேர்த்தார். இல்லாவிட்டால் அவள் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

ஜூலையோடு சீசன் படுத்துவிடும். பிரபுக்கள் வேட்டைக்குப் போவார்கள். தையல் அறையில் ஆட்களைக் குறைப்பார்கள். அடுத்த வார வாடகைக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டு நடக்கிற பெண்ணுக்கு இந்தத் தெருவே ஒரு வழி காட்டும். என் கணக்கில் பெரிய ஆபத்து இதுதான், வேலையில்லாத வாரம். ஆனால் பத்திரிகைகளுக்கு அதில் சுவாரசியம் இல்லை. அவர்களுக்கு மீசை முறுக்கிய வில்லன் வேண்டும், மயக்க மருந்து வேண்டும், பூட்டிய அறை வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1885இல், 'பால் மால் கெஸட்' ஆசிரியர் டபிள்யூ.டி. ஸ்டெட், சிறுமிகள் விலைக்குப் போவதைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். ஊர் கொந்தளித்தது. 5 பவுனுக்கு ஒரு சிறுமியை வாங்க முடியும் என்று செய்தே காட்டி, அதற்காகச் சிறைக்கும் போனார். அந்தக் கொந்தளிப்பில்தான் சம்மத வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. நல்ல காரியம். கூடவே ஒன்று நடந்தது. தனியாகப் போகிற பெண் என்றால், ஒன்று காப்பாற்றப்பட வேண்டியவள், இல்லையா, பிடித்து அடைக்கப்பட வேண்டியவள். சும்மா நடந்து போகிறவள் என்று ஒருத்தி இருக்கலாம் என்பது யார் மண்டையிலும் ஏறவில்லை.

காலையில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். வடக்கேயிருந்து வருகிற ரயில்கள் அங்கேதான் வந்து மூச்சு விடும். ஊருக்குப் புதுசாக வந்து இறங்குகிற பெண்ணைக் கண்டுபிடிக்க மூன்று நொடி போதும். தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அதன்மேல் கால் ஒன்றை அணைத்துக்கொண்டு நிற்பாள். கையில் விலாசம் எழுதின தாள், பிரித்துப் பிரித்துப் பார்த்து மடிப்பெல்லாம் நைந்திருக்கும். அவளை நோக்கி இரண்டு பெண்மணிகள் வருகிறார்கள். ஒருவர் டிராவலர்ஸ் எய்ட் சொசைட்டியின் தொண்டர். தனியாக வரும் பெண்களை ரயிலடியிலேயே எதிர்கொண்டு நல்ல இடத்தில் சேர்ப்பதற்கென்று 1885இல் ஏற்பட்ட சங்கம் அது. மற்றவருக்கும் அம்மா வயசுதான். அதே கனிவு, அதே தொப்பி, தங்க இடம் இருக்கிறதா கண்ணே என்கிற அதே கேள்வி. தூரத்தில் நிற்கிற எனக்கே யார் எவர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டிக்காரிக்கு அவகாசமும் அதே மூன்று நொடிதான்.

ஏன் வருகிறார்கள்? இந்த ஊர் 1801இல் 10 லட்சம் பேர்கூட இல்லாத ஊர். 1881 கணக்கெடுப்பில் 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்கும் சட்டை வேண்டும், ரொட்டி வேண்டும், தந்தி போக வேண்டும், கடையில் சாமான் எடுத்துக் காட்ட ஆள் வேண்டும். 1870இல் தந்தித் துறை அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது அதோடு பெண் ஊழியர்களும் உத்தியோகஸ்தர்கள் ஆனார்கள். கல்யாணம் ஆனால் வீட்டுக்குப் போய்விட வேண்டும், அது வேறு விஷயம். ஊரில் இருந்தால் பண்ணை வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம், அல்லது தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கலாம். இங்கே சனிக்கிழமை கையில் காசு விழும். யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம். அந்த ருசி கண்டவர்கள் திரும்பிப் போவது சிரமம்.

மத்தியானம் ஒரு ஏபிசி தேநீர்க்கடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்பதன் சுருக்கம்; ரொட்டி சுடுகிற கம்பெனி 1864இல் தேநீரும் விற்க ஆரம்பித்தது. ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, மரியாதை கெடாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் போகக்கூடிய இடம் அதற்கு முன் லண்டனில் இல்லை என்றே சொல்லிவிடலாம். சுவரோரம் ஒரு பெண். முன்னால் ஒரு கோப்பை டீ, ஒரு பன். பன்னை ஒரே கடியாகக் கடிக்காமல், பிட்டுப் பிட்டு, புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு விள்ளல் என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறாள். பன் தீர்ந்துவிட்டால் எழுந்து போக வேண்டும் என்பதால் இருக்கலாம். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் காலி நாற்காலிக்காகத்தான் அவள் ஊரை விட்டு வந்தாளோ என்று தோன்றியது. இரண்டாவது கோப்பை வாங்கவில்லை. காசு மட்டும் காரணம் இல்லை. இந்த மாநகரத்தில் பெண்கள் ஒதுங்குவதற்குப் பொதுக் கழிப்பறை அபூர்வம். ஆண்களுக்குத் தெருவுக்குத் தெரு உண்டு. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் சுதந்திரமாக இருக்க வேண்டும்.

சந்தோஷம் வேண்டுமென்றால் நிமிர்ந்து பாருங்கள். குதிரை பூட்டின ஆம்னிபஸ் ஒன்று போகிறது. மேல்தளத்தில் மூன்று பெண்கள்! முன்பெல்லாம் ஏணி மாதிரி படி. நீளப் பாவாடையோடு ஏற முடியாது, ஆண்களின் ராஜ்ஜியம் அது. 1881இலிருந்து ஒழுங்கான படிக்கட்டும், முன்னோக்கிப் பார்க்கிற இருக்கைகளும் வைத்த வண்டிகள் வந்தன. ஏறிவிட்டார்கள். தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள். கீழே நடக்கும்போது ஒருநாளும் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். ஏமி லெவி என்ற எழுத்தாளர் இந்த மேல்தளச் சவாரியில் பித்தாக இருந்தவர். அடுத்த வருஷம் வரப்போகிற அவருடைய நாவலில் நான்கு சகோதரிகள் சேர்ந்து லண்டனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவே வைத்துவிடுகிறார்கள்.

கீழே நடக்கிறவர்களுக்கு ஒரு நடை இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்தால் விதிகள் பிடிபட்டுவிடும். போகிற இடம் இருக்கிற மாதிரி நடக்க வேண்டும். ஓடவும் கூடாது, தேங்கவும் கூடாது. பின்னால் காலடி கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அழைப்பு என்று எடுத்துக்கொள்வான். காலடி நிற்கவில்லையென்றால் கடைக் கண்ணாடி முன்னால் நின்றுவிட வேண்டும். பெரிய பெரிய கண்ணாடி, உள்ளே கேஸ் வெளிச்சம். பொருளைப் பார்ப்பதுபோல் நின்றால் பின்னால் வருகிறவன் அதில் தெரிவான். அவன் கடந்து போகிற வரை அங்கே இருக்கிற விசிறியையோ லேஸையோ ரசிக்க வேண்டும். ஆனால் அதிகம் ரசித்தால் கான்ஸ்டபிள் பார்ப்பார்.

ஒன்பதரைக்கு மேல் நடை மாறுகிறது, வேகம் கூடுகிறது. கடைச் சிப்பந்திகள் பலர் கடைக்கு மேலேயே, முதலாளி ஏற்பாடு செய்த கூடத்தில் வரிசைக் கட்டிலில் தங்குகிறவர்கள். வாசலில் நேரம் உண்டு. பல இடங்களில் பதினொன்று. ஒரு நிமிஷம் தாமதித்தால் கதவு சாத்திவிடும். பெண்களின் ஒழுக்கத்தைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு என்பார்கள். பதினொன்று அடித்து ஒரு நிமிஷத்துக்கு, சாத்தின கதவுக்கு வெளியே, நடுத்தெருவில் நிற்கிறவளின் ஒழுக்கத்தை யார் காப்பது என்று கேட்கத் தோன்றுகிறது. நான் கேட்கவில்லை. பார்க்க வந்தவன்.

28ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவு. எலிசபெத் காஸ் என்ற பெண் இந்தத் தெருவில் நடந்து வருகிறாள். இருபது சொச்சம் வயசு. ஸ்டாக்டனிலிருந்து லண்டனுக்குப் புதிதாக வந்தவள். 1825இல் உலகத்தின் முதல் பொது நீராவி ரயில் பாதை அமைந்ததே, அந்த ஸ்டாக்டன். சவுத்தாம்ப்டன் ரோவில் போமன் என்ற அம்மாளின் உடை தைக்கும் நிறுவனத்தில் தையல் அறைப் பொறுப்பு. வேலை முடிந்து, கையுறை வாங்கலாம் என்று கிளம்பியிருக்கிறாள். எண்டகாட் என்ற கான்ஸ்டபிள் அவளைக் கைது செய்கிறார். ஆண்களை வழிமறித்துக் கூப்பிட்டாள் என்று குற்றச்சாட்டு. கூப்பிடப்பட்ட ஆண் ஒருவரும் முன்வரவில்லை. தொந்தரவு பட்டேன் என்று யாரும் புகார் சொல்லவில்லை. இவளை முன்பும் இந்தத் தெருவில் பார்த்திருக்கிறேன் என்கிறார் கான்ஸ்டபிள். பார்த்ததே சாட்சி.

நான் இங்கே நின்ற நேரம் அவள் நடந்த நேரத்தைவிட அதிகம்.

மறுநாள் கிரேட் மார்ல்பரோ தெருக் கோர்ட். போமன் அம்மாள் நேரில் வந்து, என் வீட்டில் இருக்கிற பெண், ஒழுக்கமானவள் என்று சொல்கிறார். மாஜிஸ்திரேட் நியூட்டன் அவளை விட்டுவிடுகிறார். விட்டதோடு விடவில்லை. இந்நேரத்தில் ரீஜென்ட் தெருவில் மானமுள்ள பெண் நடக்க மாட்டாள், இன்னொரு தடவை வந்தால் அபராதம் அல்லது சிறை என்ற பொருள்படப் புத்தி சொல்லி அனுப்புகிறார். குற்றவாளி இல்லை, ஆனால் எச்சரிக்கை உண்டு. ஒரு தெருவை ஒரு பெண்ணுக்கு, அதுவும் வரி கட்டும் கடைகள் திறந்திருக்கும் ஒரு தெருவை, மூடுவதற்கு அவருக்கு இரண்டு வாக்கியம் போதுமாயிருந்தது.

போமன் அம்மாள் சும்மா இருக்கவில்லை. புகார் போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரனிடம் போனது, அங்கிருந்து பத்திரிகைக்கு, அங்கிருந்து பார்லிமென்ட்டுக்கு. விசாரணை தேவையில்லை என்று உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் கைவிரித்தார். ஜூலை 5ஆம் தேதி, அந்த ஒரு விஷயத்தில், அரசாங்கம் 5 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. கையுறை வாங்கக் கிளம்பின ஒரு தையற்காரிக்காக உலகத்தின் மிகப் பெரிய சாம்ராஜ்யத்தின் அரசாங்கம் ஒரு சாயங்காலம் தலைகுனிந்தது. சந்தோஷப்படலாம். ஆனால் என் கண் மேலே போகிறது. அந்தச் சபையில் பெண்களுக்கென்று ஒரு மாடம் உண்டு. அதன் முன்னால் கனமான உலோகச் சல்லடை அடித்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கீழே இருக்கும் ஆண்களின் கண்ணில் படக் கூடாது. ஒரு பெண் தெருவில் கண்ணில் படலாமா கூடாதா என்ற பேச்சை, கண்ணில் படாத பெண்கள் சல்லடை வழியாகத்தான் பார்க்க முடியும். மௌன சாட்சி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அசல் ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

பிறகு விசாரணை வந்தது. கான்ஸ்டபிள் அன்றைக்கு என்ன பார்த்தார் என்பதோடு, ஸ்டாக்டனில் அவள் எப்படி இருந்தாள், யாரோடு பழகினாள் என்பதும் தோண்டப்பட்டது. ஊரை விட்டு வந்தவளைத் தேடிக்கொண்டு ஊர் வாயும் அதே ரயிலில் ஏறி வந்து சேர்ந்தது. எண்டகாட் மேல் பொய்ச்சாட்சி வழக்குப் போட்டார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக நிரூபிக்கவில்லை என்று நீதிபதி சொல்ல, விடுதலை ஆகி மறுபடி வேலையில் சேர்ந்தார். ஒன்று மட்டும் நடந்தது. தொந்தரவு பட்டவர் யார் என்று தெரியாமல் பெண்கள் மேல் கை வைக்கப் போலீஸ்காரர்கள் கொஞ்ச காலம் தயங்கினார்கள்.

கிழக்கு லண்டனுக்கும் ஒரு நடை போய்வந்தேன், அடுத்த வருஷ ஜூலையில். அங்கே பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். பாஸ்பரஸ் புகையில் தாடை எலும்பு அழுகிப்போகும் தொழில். கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் அபராதம். வாரம் 4 ஷில்லிங் சம்பாதிக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் எழுதி அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ட். ஆமாம், பிற்பாடு அடையாறுக்கு வந்து, நம் பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அதே அம்மையார்தான். ரீஜென்ட் தெருப் பெண்கள் அடக்கமாகத் தெரிவதற்குப் பாடுபட்டார்கள். இவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. கைகோத்து, தெருவை அடைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். தலையில் பெரிய தொப்பி, அதில் பெரிய இறகு. அந்த இறகை வாங்கச் சீட்டு மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து அணிந்துகொள்வார்கள். சோற்றுக்கு இல்லாதவளுக்கு இறகு எதற்கு என்று பெரிய மனிதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஐந்தாறு பேராகக் கைகோத்துப் போனால் எந்தக் கான்ஸ்டபிளும் தோளைத் தொட யோசிப்பார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. வேலைநிறுத்தமும் இரண்டே வாரத்துக்குள் ஜெயித்தது.

அந்த வருஷ இலையுதிர்காலத்தில் அதே கிழக்கு லண்டனில், வைட்சாப்பலில், பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே நான் போகவில்லை. உலகமே அங்கேதான் போய் நிற்கிறது, இன்றைக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறார்கள்.

ரீஜென்ட் தெருவுக்குத் திரும்பிவிட்டேன். அதே விளக்குக் கம்பம். காஸ் வழக்குப் பேச்சு ஓய்ந்துவிட்டது. மணி ஒன்பதாகிறது. ஒரு பெண் கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். உள்ளே மர விரல்களில் மாட்டி வைத்த ஆட்டுத்தோல் கையுறைகள், பழுப்பு, சாம்பல், தந்த நிறம். அவள் கையில் இருப்பது பழசு. ஆள்காட்டி விரல் நுனியில் தையல் விட்டு, அதே நிற நூலில் நேர்த்தியாகத் தைத்திருக்கிறாள். தொழில் தெரிந்த கை. விலைச்சீட்டைப் படிக்கக் கொஞ்சம் குனிகிறாள். அந்தத் தையலை இன்னும் சரியாகப் பார்க்கலாம் என்று நானும் இரண்டடி முன்னால் போகிறேன்.

அவள் அசையாமல் நிற்கிறாள். குனிந்தபடியே, கையுறைகளைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். விலையைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. கண்ணாடியில் என் தொப்பியும் முகமும் நன்றாகத் தெரிகின்றன. நான் கடந்து போவேன் என்று காத்திருக்கிறாள். நான் போகவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஓடாமல், போகிற இடம் இருக்கிற மாதிரி நடந்து போகிறாள்.